‘ஓடாதீங்க’ என்றுதான் சொன்னேன்

மைக்கை வாங்கும்போது எனக்குப் பயமே இல்லை. பயமெல்லாம் அரை நிமிஷம் கழித்துத்தான் வந்தது. வந்தது வந்ததுதான், இன்னும் முழுசாகப் போகவில்லை.

சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் பள்ளியின் ஆண்டுவிழா. சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மேடையில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் மேக நடனம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேகத்துக்காக ஒரு புகை மெஷின் வாடகைக்கு வந்திருந்தது. மேடை ஓரத்தில் இருந்துகொண்டு அது வெள்ளை வெள்ளையாகக் கக்கியது. இனிப்பும் சூடும் கலந்த ஒரு வாடை. மின்விசிறிகள் அந்தப் புகையை மேடையில் நிற்க விடாமல் கூட்டத்தின் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டு போயின.

நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். பக்கத்தில் நாலு பேர் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வரிசை எழுந்தது.

நான்தான் அன்றைக்கு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினேன். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். ‘கிரேஸ் டீச்சருக்கு வெண்கலக் குரல்’ என்று சொல்லி வருஷா வருஷம் என்னையே மைக் முன்னால் நிறுத்திவிடுவார்கள். விபரீதம் ஆவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று முன்னால் போனேன். அடித்தொண்டையிலிருந்து சத்தமாகச் சொன்னேன்.

“பயப்படாதீங்க! இது புகை மெஷின்தான். யாரும் ஓடாதீங்க! தள்ளாதீங்க!”

ஒரு கணம் கூட்டம் அப்படியே நின்றது. பிறகு மொத்தமாக வாசலைப் பார்த்து ஓடியது.

ஒற்றைக் கதவு

வாசலில் பெரிய இரட்டைக் கதவு. அழைப்பிதழ் இல்லாதவர்கள் நுழைந்துவிடக் கூடாது என்று அதில் ஒன்றைத் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஒற்றைக் கதவுக்குள் எழுநூறு பேர் நுழையப் பார்த்தார்கள்.

நான் நிறுத்தவில்லை. “ஓடாதீங்க, ஓடாதீங்க” என்று கத்திக்கொண்டே இருந்தேன். நான் கத்தக் கத்த அவர்கள் வேகமாக ஓடினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் காலடியில் உடைகிற சத்தம், பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற தாய்மார்களின் சத்தம், அதற்கு மேலே என் குரல். என் குரல்தான் அது என்று எனக்கே தெரியவில்லை. யாரோ பைத்தியக்காரி கூரையில் இருந்து ஊளையிடுவதுபோல இருந்தது.

மைக் செட் போட்டிருந்தவர் இசக்கி அண்ணாச்சி. பக்கவாட்டுச் சுவரோரம், மைக் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், ஒரே இழுப்பில் எல்லாச் சத்தத்தையும் இறக்கினார். என் குரல் சட்டென்று செத்தது. அவர் நாற்காலிமேல் ஏறி, மைக் இல்லாமல், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்.

“உக்காருங்கவே! ஒண்ணுமில்ல! உக்காருங்க!”

அவரைச் சுற்றி இருந்த பத்துப் பேர் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததைப் பார்த்து அடுத்த இருபது பேர் உட்கார்ந்தார்கள். ஆனால் வாசலில் அதற்குள் ஆட்கள் விழுந்து கிடந்தார்கள்.

மேடையில் மேகங்கள் எல்லாம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதன. புகை மெஷின் மட்டும் தன்பாட்டுக்குக் கக்கிக்கொண்டிருந்தது.

உயிருக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சிராய்ப்பு, சுளுக்கு, இரண்டு பேருக்குக் கையில் கட்டு. எங்கள் பள்ளி ஆயா பாப்பம்மாளுக்குத்தான் நல்ல அடி. கீழே விழுந்த ஒரு குழந்தைமேல் அவள் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. பாப்பம்மாளுக்குத் தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்துவிட்டது.

வாட்ஸ்அப்பில் நான்

போன வாரம் இந்தப் பத்தியில் ஆசிரியர் பயிற்சி நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்த ஒரு வாசகி, “அவ்வளவு மேடை ஏறிய நீங்கள் நடுவில் ஏன் மேடையை விட்டீர்கள்?” என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில்தான் இது. எழுதிவிட்டால் லேசாகும் என்று நினைத்தேன். இதுவரை ஆகவில்லை.

மறுநாள் காலையில் என் கணவர் ஜெபராஜ் போனை நீட்டினார். அவருக்கு முகமே சரியில்லை.

“இத நீ பாக்கணுமா வேண்டாமான்னு தெரியல. ஆனா ஊரே பாத்திருச்சு.”

யாரோ பின்வரிசையிலிருந்து எடுத்த வீடியோ. தூரத்தில் மேடையில் வெள்ளைச் சேலையில் நான். தலைக்கு மேலே புகை. என் வாய் அசைகிறது. மண்டபம் முழுவதும் முழங்குகிற குரல், ‘தீ’ என்கிறது. மறுபடியும் ‘தீ’. மறுபடியும் ‘தீ’.

வேறு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒரு எழுத்துத்தான்.

“நான் அப்படிச் சொல்லல” என்றேன்.

“எனக்குத் தெரியும்” என்றார். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு விநாடி தயங்கினார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அந்த ஒரு விநாடியை நான் மறக்கவில்லை.

தாளாளர் போனில் மரியாதையாகத்தான் பேசினார். “கொஞ்ச நாள் லீவுல இருங்க டீச்சர். போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து கூப்பிட்டா போயிட்டு வாங்க.”

அதற்குப் பிறகு வீட்டு வாசலில் பைக் நிற்கிற சத்தம் கேட்டாலே போலீஸோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினால் சமையலறையில் போய் நின்றுகொள்வேன். காய்கறிக் கடையில் நான் போனதும் பேச்சு நிற்கும்.

என் வகுப்புப் பையன் ஒருவனின் தங்கை அன்றைக்கு மேகமாக ஆடியவள். கடையநல்லூர்க்காரர்கள். அப்பா வளைகுடாவில் வேலை. அங்கிருந்து எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“டீச்சர், எம் புள்ள அங்கன மேடையில நின்னுச்சு. இங்கன இருந்து அந்த வீடியோவ நூறு தடவ பாத்துட்டேன். நீங்க ஏன் அப்படிச் சொன்னீய?”

பதில் பேச மூன்று முறை பட்டனை அழுத்தினேன். மூன்று முறையும் பாதியில் அழித்துவிட்டேன்.

பாப்பம்மாள் சொன்னது

ஆஸ்பத்திரிக்குப் போக நாலு நாள் ஆனது எனக்கு. வாசல் வரை போய் இரண்டு முறை திரும்பியிருக்கிறேன்.

பாப்பம்மாள் தோளில் கட்டோடு படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் காலைத்தான் பிடித்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“பாப்பம்மா, அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு ஒனக்குக் கேட்டுச்சு?”

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

“தீன்னு சொன்னிய டீச்சர். நான் வாசல்லதான நின்னேன். காதால கேட்டேன்.”

“ஓடாதீங்கன்னு சொன்னேன்.”

“அப்படியா?” என்றாள். பிறகு என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்: “பயத்துல வாய் கொளறிருக்கும் டீச்சர். மனுசனுக்கு நடக்கதுதான். நீங்க வெசனப்படாதிய.”

வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். என்மேல் கோபமே இல்லாத ஒருத்தி சொல்கிறாள். ஊர் சொல்கிறது. வீடியோ சொல்கிறது. அப்படியானால் நான் சொல்லித்தான் இருப்பேனோ? மூளை ஒன்றை நினைக்க, நாக்கு வேறொன்றைச் சொல்லியிருக்குமோ? அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். போலீஸ்கூட இல்லை. என் ஞாபகத்தை நானே நம்ப முடியாமல் போனது.

ஆளில்லாத கோயில்

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும்.

என் அப்பா பனவடலிசத்திரத்துப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சபையை நடத்துகிற உபதேசியார். உயரமான கூரை, வெறும் சுவர், கல் தரை. அதுதான் எங்கள் ஆலயம். ஞாயிற்றுக்கிழமை நான் விட்டுவிட்டு வந்த பாட்டுப் புத்தகத்தை எடுக்கத் திங்கட்கிழமை தனியாகப் போவேன். உள்ளே காலை வைத்தால் கூடவே வேறு யாரோ நடக்கிற சத்தம் வரும். “அப்பா” என்று கூப்பிட்டால், கூரைக்குள்ளிருந்து ‘ஆ… ஆ…’ என்று ஏதோ ஒன்று பதில் சொல்லும். புத்தகத்தை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல் இருக்காது. ஜனம் நிறைந்திருக்கும், சத்தத்தைச் சேலையும் வேட்டியும் உடம்பும் குடித்துவிடும். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. பேய்க்கு ஞாயிறு லீவு என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பாடு இதையேதான் பாடமாக நடத்தினேன். எதிரொலி கேட்கச் சுவர் குறைந்தது பதினேழு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருப்பேன். எதிரொலி வரும், வராது என்று பிள்ளைகள் எழுதியதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஆனால் பளிங்குத் தரையும், ஓடு பதித்த சுவரும், வளைந்த தகரக் கூரையும் கொண்ட ஒரு மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆள் நிறைந்திருந்தும் அந்த மண்டபத்தில் பேய்க்கு லீவு இல்லை. அவ்வளவு வழவழப்பு, அவ்வளவு உயரம்.

புளியங்குடிக்குப் போன பஸ்

இரண்டாம் வாரம் இசக்கி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

“டீச்சர், ஒரு விசயம். அன்னைக்கு விழாவ வீடியோ எடுக்க வந்த தம்பி என் மிக்ஸர்ல இருந்து நேரா ஒரு வயர் எடுத்தான். ஒங்க மைக்குல வந்தது மட்டும் அவன் கேமராவுல இருக்கும். மண்டபத்துச் சத்தம் அதுல சேராது.”

“அதுல என்ன இருக்கு?”

“நான் கேக்கல. நீங்க இல்லாம கேக்கக் கூடாதுன்னு இருக்கேன்.”

வீடியோக்காரருக்குப் புளியங்குடியில் கடை. நான், ஜெபராஜ், அண்ணாச்சி மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். எலுமிச்சை மூட்டைகளோடு இரண்டு வியாபாரிகள் ஏறினார்கள். பஸ் முழுக்க எலுமிச்சை மணம். அதில் ‘தீ’ என்று இருந்துவிட்டால்? போலீஸுக்கு நானே சாட்சியைத் தேடிக் கொடுத்ததாகிவிடும். திரும்பிவிடலாம் என்று ஜெபராஜின் கையைப் பிடித்தேன். “போயிருவோம்” என்றார். முன்னாலேயா, வீட்டுக்கா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கடையில் ஹெட்போனைக் காதில் மாட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் நடனப் பாட்டு. பிறகு என் மூச்சு. பிறகு நான்.

“பயப்படாதீங்க! இது புகை மெஷின்தான். யாரும் ஓடாதீங்க! தள்ளாதீங்க!”

எழுத்து எழுத்தாக, வகுப்பில் சொல்வதுபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஹெட்போனைக் கழற்றி ஜெபராஜ் காதில் வைத்தேன். அவர் கேட்டார். பிறகு அந்தக் கடைக்காரர் முன்னாலேயே என் தலையைத் தடவினார்.

அண்ணாச்சி மட்டும் விடவில்லை. பத்துத் தடவை கேட்டார். வாட்ஸ்அப் வீடியோவையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டார். திடீரென்று நிமிர்ந்தார்.

“டீச்சர், நீங்க சொன்ன மூணு வார்த்தையிலயும் அது இருக்கு.”

“எது?”

“தீ. பயப்படா-தீ-ங்க. ஓடா-தீ-ங்க. தள்ளா-தீ-ங்க.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சத்தம் அதிகம் சுற்றுகிற கூடத்தில் மெல்லிய மெய்யெழுத்துகள்தான் முதலில் காணாமல் போகும். நீண்ட உயிரோசை மட்டும் சுவருக்குச் சுவர் அலையும். ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் ஏறும். நான் அழுத்திச் சொன்னது அந்த நெடில் ‘தீ’. புகையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் காதுக்கு அது ஒன்று போதாதா? தமிழில் வேண்டாம் என்று தடுக்கிற சொல்லுக்குள்ளேயே நெருப்பு இருக்கிறது. அதுவரை யார் நினைத்தோம்?

முதலாளி எழுதிய பத்துச் சொற்கள்

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இரண்டு பதிவையும் கேட்டார். “போயிட்டு வாங்க டீச்சர்” என்றார். தாளாளர் மறுநாளே பள்ளிக்கு வரச் சொன்னார். கடையநல்லூர் அப்பாவுக்கு அந்தப் பதிவை அனுப்பினேன். வெகுநேரம் கழித்து, “மன்னிச்சிருங்க டீச்சர். அல்லாஹ் ஒங்களுக்கு ரஹ்மத் செய்வான்” என்று பதில் வந்தது.

ஆனால் பயம் போகவில்லை. வேறு மாதிரி ஆனது, அவ்வளவுதான். தவறாகச் சொல்லியிருந்தால் இனிமேல் திருத்திக்கொள்ளலாம். நான் சரியாகத்தான் சொன்னேன். சரியாகச் சொல்லித்தான் பாப்பம்மாள் தோள் முறிந்தது. அந்த மண்டபத்தில் அடுத்த முகூர்த்தத்துக்கும் ஆயிரம் பேர் வருவார்கள். யாராவது மைக்கைப் பிடிப்பார்கள்.

அண்ணாச்சியும் நானும் மண்டப முதலாளியைப் பார்க்கப் போனோம். நல்ல மனுஷர், ஆனால் முன்கோபி.

“எம் மண்டபத்துல என்ன கொறை? இத்தாலிக் கல்லு போட்டிருக்கேன்” என்றார்.

“அந்தக் கல்லுதான் கொறை” என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

நான் கெஞ்சுகிற குரலில், “ஒரே ஒரு சோதனை முதலாளி. பத்து நிமிசம்” என்றேன். முதலாளியைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக் காகிதமும் பேனாவும் கொடுத்தேன். இசக்கி அண்ணாச்சி மேடையில் நின்று, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பத்துச் சொற்களை மைக்கில் வாசித்தார். மேடைக்கு நான் போகவில்லை. அன்றைக்கு என்னால் போக முடியாது.

முதலாளி எழுதியதில் மூன்றுதான் சரி. ‘கதவு’ என்று வாசித்ததை ‘உறவு’ என்று எழுதியிருந்தார். ‘வெளியே’ என்பதை ‘கிளியே’ என்று.

காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எம் பேத்திக்கு இங்கனதான் கல்யாணம் வச்சிருக்கேன்” என்றார் மெதுவாக. “என்ன செய்யணும், சொல்லுங்க.”

சாக்கும் பஞ்சும் வைத்துச் சுவரை மூடலாம் என்பது அண்ணாச்சியின் முதல் யோசனை. சத்தத்தை நன்றாகக் குடிக்கும். அதைவிட நன்றாகத் தீப்பிடிக்கும். நான் மாட்டேன் என்றுவிட்டேன். கடைசியில் எளிதில் எரியாத ராக்வுல் என்கிற கல்பஞ்சை, துணியால் மூடி, மரச்சட்டத்தில் அடைத்துப் பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் மாட்டினோம். அந்தத் துணியையும் நெருப்புக்குச்சி வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கூரைக்குக் கீழே துளைபோட்ட பலகைகளைத் தொங்கவிட்டார்கள். மேடையிலிருந்து அலறிய இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் போயின. அவற்றுக்குப் பதிலாக, தூணுக்குத் தூண் ஒல்லியான ஸ்பீக்கர்கள், ஆட்களுக்குப் பக்கத்தில், தாழ்ந்த சத்தத்தில்.

அத்தோடு கதவு. இரண்டு கதவும் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று முதலாளியிடம் எழுதியே வாங்கிக்கொண்டேன்.

வேலை முடிந்த அன்றைக்கு மறுபடி அதே சோதனை, வேறு பத்துச் சொற்கள். முதலாளி ஒன்பது சரியாக எழுதினார். பத்தாவதில் எழுத்துப்பிழை.

கரண்ட் போனபோது

அடுத்த வருஷ ஆண்டுவிழாவும் அங்கேதான். தொகுத்து வழங்க மாட்டேன் என்று மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். வேறொரு டீச்சர் பேசினார். நான் மேடைக்குப் பக்கவாட்டில் நின்று பிள்ளைகளுக்கு உடுப்பு மாட்டிவிட்டேன். நடுவில் நாலு முறை வாசலுக்குப் போய்க் கதவுகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பரிசு கொடுக்கும் நேரத்தில் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் எடுக்கவில்லை. விசிறி நின்றது, மைக் செத்தது, கும்மிருட்டு. மேடையில் இருந்த டீச்சர் பேச்சற்று நின்றுவிட்டார். கூட்டத்துக்குள் ஒரு குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தம் இனி எப்படி வளரும் என்று எனக்குத் தெரியும். யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் பேசவில்லை.

தடவித் தடவி மேடையேறினேன். என்ன சொல்லக் கூடாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டுச் சொன்னேன்.

“உக்காருங்க. கரண்ட் போயிருக்கு. ஜெனரேட்டர் போடப் போறாங்க. எல்லாரும் உக்காருங்க.”

பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூரை பதில் சொல்லுமா என்று காது கொடுத்தேன். சொல்லவில்லை. என் குரல் போன இடத்திலேயே முடிந்துவிட்டது. யாருக்காவது கேட்டதா என்றே தெரியாத அந்தச் சில விநாடிகள்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானவை.

அப்புறம் மண்டபத்தின் கடைக்கோடியிலிருந்து, முகம் தெரியாத ஒரு பெரியவர் குரல் வந்தது. சத்தம்கூடப் போடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத்தான் சொன்னார்.

“சரி தாயி. அவங்கள மெதுவாப் போடச் சொல்லு. நாங்க இங்கனதான் இருக்கோம்.”

இருட்டில் யாரோ சிரித்தார்கள். அடுத்து இன்னும் சிலர். அழுத குழந்தையின் அம்மா அதட்டுவது கேட்டது: “ஏட்டி, டீச்சர் சொல்லுதாங்கல்ல, உக்காரு.”

நானும் மேடைப் படியில் உட்கார்ந்தேன். விளக்கு வருகிற வரைக்கும் அந்த இருட்டில் எல்லோரும் அப்படியே இருந்தோம்.